கண்ணா, கையா, துப்பாக்கியா

ரோவீனா கட்ஷலின் கணவனைக் கொன்றது மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரோவீனா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அவரைக் கொன்னது ஒரு துண்டுத் துணி" என்றாள். சவ அடக்கத்துக்கு வந்திருந்த எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் சொன்னாள். யாராலும் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பனியில் நின்றுகொண்டு அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டோம்.

அந்தத் துணி எங்கள் வேட்டைக் குடிலின் உத்தரத்தில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையின் பின்வால். அதன்மேல் கறுப்பு மையில் 'எமரி கட்ஷல்' என்று எழுதியிருந்தது.

பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில், எங்கள் ஹெம்லாக் ரன் ஊரில், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. மான் வேட்டை அன்றுதான் தொடங்கும். குறிதவறி மானைக் கோட்டைவிட்டவன் சட்டையின் வாலை அறுத்து உத்தரத்தில் அடிப்பது எங்கள் பக்கத்து எல்லாக் குடில்களிலும் உண்டு. எங்கள் குடிலில் மட்டும் அதற்கொரு கோர்ட்டும் உண்டு. பால் லாரி ஓட்டும் ஏமஸ் டிட்மர்தான் நீதிபதி. தலையில் சூப் சட்டி, கையில் கரண்டி. தவறவிட்டவனை அடுப்புக்கு முன்னால் நிறுத்திக் கரண்டியால் மேசையைத் தட்டி அவர் கேட்பார்:

"கண்ணா, கையா, துப்பாக்கியா?"

கண் என்றோ கை என்றோ ஒப்புக்கொண்டால் கத்தரி. எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், அத்தோடு சரி. துப்பாக்கி என்று சொன்னால் விசாரணை துப்பாக்கிக்கு. வேறொருவன் அதை மாவு மூட்டைமேல் சாய்த்து, ஆப்பிள் பை சுட்ட அலுமினியத் தட்டைக் குறிபார்த்துச் சுட வேண்டும். தட்டில் பட்டால் துப்பாக்கி நிரபராதி. சட்டை போனதோடு, பொய் சொன்னதற்காக வாரம் முழுக்கப் பாத்திரமும் கழுவ வேண்டும். படாவிட்டால் சட்டை தப்பும், துப்பாக்கிக்குத் தீர்ப்பு. ஒரு முறை சொன்ன பதிலை மாற்றக் கூடாது. இதுதான் சட்டம்.

எங்கள் எல்லோருடைய சட்டையும் ஏதாவதொரு வருடம் அந்தக் கத்தரியைப் பார்த்திருக்கிறது. சமையல்காரனான என்னுடையது மூன்று தொங்குகிறது. எமரியின் சட்டையை மட்டும் கத்தரி தொட்டதே இல்லை. வாழ்நாளெல்லாம் மரம் ஏற்றும் லாரி ஓட்டிய மனிதன் அவன். பேச்சு குறைவு, படிப்பு குறைவு. பெருமையென்று அவனுக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ரோவீனா அவனுக்கொரு பரிசு வாங்கினாள். அந்தப் பரிசுதான் அவள் வாழ்க்கையில் விழுந்த இடி.

ரோவீனா வேலை பார்த்தது ட்ரெட்வே துப்பாக்கித் தொழிற்சாலையில். வேட்டைக்கான லீவர் துப்பாக்கிகள். விசைக்குக் கீழே இருக்கும் லீவர் என்ற வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். சின்னப் பெண்ணாகப் பொருத்தும் மேசைக்குப் போனவள், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். குழாயைப் பொருத்துவது, அதன் நுனியில் குறிபார்க்க உதவும் குறிமுள்ளை இறுக்குவது, தோளில் பதியும் கட்டையை இழைத்துச் சேர்ப்பது எல்லாம் அவள் கை. முன்பெல்லாம் ஒவ்வொரு துப்பாக்கியும் வெளியே போகுமுன் ஒரு பரிசோதகர் அதைச் சுட்டுப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் திரும்ப மேசைக்கு வந்துவிடும்.

பிறகு நகரத்திலிருந்து புது முதலாளிகள் வாங்கினார்கள். பிளைத் என்பவரை மேலாளராக அனுப்பினார்கள். பளபளக்கும் ஷூ, எந்நேரமும் சிரிப்பு. வந்த மாதமே பரிசோதனை மேசையை எடுத்துவிட்டார். ஒரு துப்பாக்கிக்கு இத்தனை நிமிடம்தான் என்று சுவரில் அட்டை மாட்டினார்.

"சார், குறிமுள் உக்கார்ற பள்ளத்தை மிஷின் அகலமா வெட்டுது. ஆடுது சார். பாக்காம அனுப்பினா எப்படி?" என்று ரோவீனா அன்றே கேட்டாள்.

"ஆடினா வாங்கினவன் திருப்பி அனுப்புவான்மா. அப்ப பாத்துக்கலாம். நீங்க அட்டையப் பாத்து வேலை செய்யுங்க."

ஆனால் தனக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டியபோது அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நேரே ரோவீனாவிடம் வந்தார். "எனக்குன்னு தனியா பாத்துச் செஞ்சு குடுங்க" என்றார். அவள் குழாய்களில் நல்லதாகத் தேடியெடுத்து, பள்ளத்தைத் தட்டி இறுக்கி, லீவரைப் பட்டுப்போல ஓடவைத்துக் கொடுத்தாள். வேலையைப் பாதியில் விட அவளுக்குத் தெரியாது.

எமரிக்கு வாங்கியதோ ஊழியர் விலையில், கிடங்கிலிருந்து ஒட்டிய பெட்டியோடு. பெட்டியைத் தொழிற்சாலைக்குள் பிரிக்கக் கூடாது என்பது விதி. எமரி வீட்டுக் கொல்லையில் பத்துத் தோட்டா சுட்டுக் குறி சரிபார்த்தான். நெற்றிப்பொட்டில் அடித்தமாதிரி இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிக் குழந்தைபோலச் சிரித்தான்.

அந்தத் திங்கட்கிழமை, நாற்பது அடி தூரத்தில் நின்ற கொம்பனை, கொம்பு முளைத்த ஆண் மானை, தவறவிட்டான்.

பிளைத் அந்த வருடம் எங்கள் குடிலுக்கு விருந்தாளி. விஸ்கிப் பெட்டியோடு வந்திருந்தார். எங்களில் பாதிப் பேர் அவர் கீழே வேலை பார்ப்பவர்கள். டிட்மர் கரண்டியைத் தட்டிக் கேட்டார். எமரி தலைநிமிர்ந்து, "துப்பாக்கி" என்றான்.

பிளைத் சிரித்துக்கொண்டே எழுந்தார். "என் துப்பாக்கியையா சொல்றீங்க? சரி, சுட்டுப் பாத்துடலாம். ஆனா உங்க குழாய்ல பனி அடைச்சிருக்கு பாருங்க, வெடிச்சா ஆபத்து. என்னோடதுல சுடறேன். அதே மாடல், அதே மிஷின், ஒரே அச்சு. எதுல சுட்டா என்ன?"

அது நியாயமில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்தவர் எவருமில்லை. பிளைத் சுட்டார். தட்டு பறந்தது. ரோவீனா தன் கையால் செய்துகொடுத்த துப்பாக்கி, அவள் புருஷனையே பொய்யனாக்கியது.

"பாவம், வயசாயிடுச்சு. கண்ணு மங்கினா மனுஷன் ஒத்துக்கணும்" என்று பிளைத் அவன் தோளைத் தட்டினார். எமரியின் தம்பி லாயிட்தான் கத்தரியைப் பிடித்தான். எமரி வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் எங்கும் போகவில்லை. சலூனில் கூட ஒருவன், "எமரி, நாற்காலி எங்க இருக்குன்னு தெரியுதா?" என்று கேலி பேசினானாம். ரோவீனா துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். குறிமுள்ளை விரலால் தள்ளினாள். நகர்ந்தது! தோட்டா சுட்ட அதிர்விலும் வண்டிக் குலுக்கலிலும் அது தன் இடத்தைவிட்டு நழுவியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பிளைத்தின் அறைக்கு ஓடினாள்.

"கீழ போட்டிருப்பார்மா" என்றார் அவர். "கண்ணு தெரியாதவங்க எதுலயாவது தடுக்கி விழுவாங்க."

பிப்ரவரியில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த எமரி, மண்வெட்டியைப் பிடித்தபடியே சரிந்தான்.

கல்லறையருகே பிளைத்தும் வந்தார், கம்பெனி செலவில் ஒரு மலர்வளையத்தோடு. ரோவீனா அதை வாங்கிக்கொண்டாள், நன்றியும் சொன்னாள். அவர் போனபிறகு லாயிட்டைப் பார்த்துத் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"அந்தத் துணி கீழ எறங்கணும் லாயிட். அந்த ஆள் வாயாலயே எறங்கணும்."

"விடுங்க அண்ணி. தீர்ப்பாயிட்டா மாத்த முடியாது. டிட்மர் ஒத்துக்க மாட்டாரு."

"நான் அழுறதா இல்ல. அது எறங்கின அன்னிக்கு அழுதுக்கிறேன்."

எமரியின் கட்டில் குடிலில் காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது ரோவீனா, "எனக்கு" என்றாள். எங்கள் குடிலில் பெண் தங்கியதே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் முகம் எங்களில் எவனுக்கு இருந்தது?

இலையுதிர் காலத்தில் ட்ரெட்வே தன் ஆண்டு விழாவுக்காக ஒரு புது மாடல் போட்டது. பக்கவாட்டில் தங்கத்தில் ஒரு மான். பிளைத் ரோவீனாவின் மேசைக்கு வந்தார். இறந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இந்த வருஷம் குடிலுக்கு இதைத்தான் கொண்டுபோறேன். துப்பாக்கிக் கடைக்காரர் ஸ்ட்ரூப்பும் வர்றாரு, அவருக்குக் காட்டணும். வழக்கம்போல எனக்குன்னு பாத்துச் செஞ்சிடுங்க."

"செஞ்சிடறேன் சார்" என்றாள் ரோவீனா.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தாங்கியிலிருந்து அடுத்த குழாயை எடுத்தாள். தேடவில்லை. பள்ளம் அகலமாயிருந்தது. தட்டி இறுக்க அவள் கை தானாகச் சுத்தியலுக்குப் போனது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். லீவர் கரகரத்தது. விட்டாள். அட்டையில் சொன்ன நிமிடங்களில், அட்டையில் சொன்ன வேலை. ஊரெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு எது கிடைக்கிறதோ அது.

ஒன்றே ஒன்று மட்டும். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் 'குதிரை' என்ற சுத்தி, பின்னால் மடக்கும்போது பாதியில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கியது. கைதவறினால் வெடிக்கும், காலோ உயிரோ போகும். ரோவீனா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எமரியின் குழி கண்ணெதிரே வந்தது. 'போகட்டுமே' என்றது மனம். மறுகணம் வேறொரு குதிரையை எடுத்து ஒழுங்காகப் பொருத்தினாள்.

பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "அவன் செத்துட்டா எப்படி வாய் திறப்பான்? எனக்கு அவன் பேசணும்."

வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை விடியும்போது நல்ல பனி. நான் பன்றிக்கறியும் பீன்ஸும் அடுப்பில் ஏற்றினேன். ரோவீனா துப்பாக்கி எடுக்காமல் எனக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் அவள் கத்தி நின்றது. துப்பாக்கி கெட்டதென்று தெரியும். ஆனால் கெட்ட துப்பாக்கியும் சில சமயம் நேராகச் சுட்டுவிடும். அப்படி அவன் ஒரு கொம்பனோடு வந்து நின்றால்?

ஓடைப்பக்கம் ஒரு வெடி. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அங்கிருந்து ஒரு கெட்ட வார்த்தை மலைமுழுக்க எதிரொலித்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முதலில் வந்தவன் லாயிட். கதவைத் திறக்கும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை. "பத்துக் கிளைக் கொம்பன் அண்ணி! அவருக்கு முன்னால வந்து, போட்டோவுக்கு நிக்கிறமாதிரி நின்னுச்சு. முதல் தோட்டா பக்கத்து மரத்துல. ரெண்டாவது உள்ள சிக்கிக்கிச்சு. மனுஷன் லீவரைப் போட்டு உதறுறாரு, மான் நின்னு வேடிக்கை பாக்குது!"

பின்னாலேயே மற்றவர்களோடு பிளைத் வந்தார். முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ரோவீனா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

டிட்மர் சூப் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கரண்டி மேசையில் விழுந்தது. "பிளைத், முன்னால வாங்க. கொம்பனைத் தவறவிட்டதுக்குச் சாட்சி இருக்கு. கண்ணா, கையா, துப்பாக்கியா?"

பிளைத் சிரிக்க முயன்றார். எங்களைப் பார்த்தார், ஸ்ட்ரூப்பைப் பார்த்தார். "என்னங்க இது, விளையாட்டுக்கு..." என்று இழுத்தார். கண் என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். சொல்லவும்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் ரோவீனா கத்தரியோடு அவர் பின்னால் போய் நின்றாள். பாசம் சொட்டும் குரலில் பேசினாள்:

"கண்ணுன்னு சொல்லிடுங்க சார். இதுல என்ன வெக்கம்? பாவம், வயசாயிடுச்சு. கண்ணு மங்கினா மனுஷன் ஒத்துக்கணும்."

குடிலே சிரித்தது. தொழிற்சாலைப் பையன்கள் உட்பட.

"நாற்காலி எங்க இருக்குன்னாவது தெரியுதா சார்? கையப் பிடிச்சு உக்கார வைக்கட்டுமா?"

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல!" பிளைத் கத்தினார். "இருநூறு அடியில ஊசியக்கூட அடிப்பேன் நான்! இந்தச் சனியன் பிடிச்ச துப்பாக்கி! துப்பாக்கிதான்!"

சிரிப்பு நின்றது. ரோவீனா கத்தரியைத் தாழ்த்தினாள்.

"துப்பாக்கின்னு சொல்லியாச்சு" என்றார் டிட்மர். "எல்லாரும் வெளிய வாங்க. லாயிட், மாவு மூட்டை. சமையல், ஒரு தட்டு கொண்டா."

லாயிட் அதே தங்க மான் துப்பாக்கியை வாங்கினான். குழாயில் பனி இல்லை என்று முதலில் எல்லோருக்கும் காட்டினான். மூட்டைமேல் சாய்த்துச் சுட்டான். தட்டு அசையவில்லை. மறுபடி சுட்டான். தட்டுக்கு ஒரு கை தள்ளி மரப்பட்டை தெறித்தது. மூன்றாவது தோட்டா பாதியில் சிக்கி நின்றது.

"பாத்தீங்களா?" பிளைத் குதித்தார். "நான் சொல்லல? என் கண்ணுலயா கோளாறு?"

லாயிட் சிக்கிய தோட்டாவை எடுத்துவிட்டு, குறிமுள்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துத் தள்ளினான். ஆடும் பல்லைப்போல அது ஒரு பக்கம் சாய்ந்தது. துப்பாக்கியை ஸ்ட்ரூப்பிடம் நீட்டினான். ஸ்ட்ரூப்பும் தள்ளிப் பார்த்தார்.

"என் கடை அலமாரியில இதே பெட்டி பன்னெண்டு நிக்குது பிளைத்" என்றார் மெதுவாக. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் கேட்டிருந்தேன்."

அப்போதுதான் பிளைத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. "இல்ல ஸ்ட்ரூப், இது ஒண்ணுதான்... டிட்மர், எழுதிக்குங்க, கண்ணுதான். என் கண்ணுதான். நான்தான் தவறவிட்டேன்." சட்டையைப் பேண்ட்டிலிருந்து உருவி, வாலை ரோவீனாவின் முன் நீட்டினார். "அறுங்க. அறுத்துடுங்கம்மா!"

ரோவீனா நீட்டிய துணியைப் பார்த்தாள். கத்தரியை ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"உங்க சட்டையில குத்தம் இல்லையே சார். குத்தம் துப்பாக்கி மேலதானே?"

"சொன்ன பதிலை மாத்த முடியாது" என்றார் டிட்மர். "துப்பாக்கி குற்றவாளி. தீர்ப்பு முடிஞ்சது."

"முடியல" என்றாள் ரோவீனா. "போன வருஷம் என் புருஷனும் துப்பாக்கின்னுதான் சொன்னாரு. அந்தத் துப்பாக்கியை யாரும் சுடல. வேற ஒண்ணைச் சுட்டீங்க. எதுல சுட்டா என்ன, அதே மிஷின், ஒரே அச்சுன்னு யார் சொன்னது? சொல்லுங்க சார். சத்தமா சொல்லுங்க."

பிளைத்தின் கண் ஸ்ட்ரூப் பக்கம் ஓடியது.

"ஒரே அச்சுன்னா, இன்னிக்குக் குற்றவாளியானது அவர் துப்பாக்கியும்தான். ஒரே அச்சு இல்லன்னா, போன வருஷம் நடந்தது விசாரணையே இல்ல. எப்படி வேணா வெச்சுக்குங்க. எது வேணும் சார்?"

டிட்மர் தலையிலிருந்த சட்டியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்து தீர்ப்பு சொல்லும்போது அவர் அதைக் கழற்றியது அந்த ஒரு முறைதான். "பதில் சொல்லுங்க பிளைத்."

"ஒரே அச்சு" என்றார் பிளைத். யார் காதிலும் விழவில்லை. டிட்மர் கரண்டியால் கதவைத் தட்டினார். "ஒரே அச்சுதான்! அந்த ஆள் மேல... எமரி மேல தப்பில்ல. போதுமா?"

உள்ளே போய் லாயிட் நாற்காலி போட்டான். ரோவீனா அவனை விலக்கிவிட்டுத் தானே ஏறினாள். ஆணியை நெம்பி எடுத்தாள். துணி அவள் கையில் விழுந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எமரி செத்த நாளிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. தாடியும் மீசையுமாக நின்ற அத்தனை ஆண்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிளைத் சாப்பிடாமல் கிளம்பினார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ரோவீனாவைக் கேட்டார்: "வேணும்னே கெடுத்துக் குடுத்தீங்களா?"

"கெடுக்கல சார். அட்டையப் பாத்துச் செஞ்சேன்."

ஸ்ட்ரூப் பன்னிரண்டு பெட்டியையும் திருப்பி அனுப்பினார். எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம், மேலாளரே தன் வாயால் சொன்ன தீர்ப்பைச் சொன்னார். மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறிமுள்ளில் நகத்தை வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ரோவீனாவுக்கு வேலை போனது. அவள் அதை எதிர்பார்த்தே டப்பாவில் சாமான்களை அடுக்கி வைத்திருந்தாள். வசந்தத்தில் பிளைத்துக்கும் போனது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

இப்போது ரோவீனாவின் சமையலறையில் மாவுடப்பாவுக்குப் பக்கத்தில் சுத்தியலும் அரமும் இருக்கின்றன. ட்ரெட்வேயில் புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கடையிலிருந்து நேரே அங்கேதான் வருகிறார்கள். குறிமுள்ளை இறுக்கி, லீவரை ஓடவிட்டுக் கொடுப்பாள். வேட்டைப் பருவத்தில் எமரியின் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்கள் சமையலைத் திட்டுவாள்.

போன மாதம் காப்பி குடிக்கப் போயிருந்தேன். பிளைத் ஒஹாயோவில் ஏணி செய்யும் கம்பெனியில் பெரிய வேலையில் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னதைச் சொன்னேன்.

"இன்னுமா அந்த ஆள் மேல கோபம்? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே ரோவீனா" என்றேன்.

அவள் அரத்தை ஊதிவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஏணியா? எந்தக் கம்பெனி, பேரைச் சொல்லு" என்றாள். "இந்தத் தெருவுல ஒருத்தரையும் வாங்கவிட மாட்டேன்."